சனி ஆறு மணி முறை

சவுனாவுக்குள் மனிதன் பொய் சொல்வதில்லை. அரசன் என்றும் ஆண்டி என்றும் அங்கே பேதம் கிடையாது. பிறந்த மேனியாய் மரப்பலகையில் உட்கார்ந்து, சுட்ட கல்லின் மேல் தண்ணீர் வார்த்து, எழும்பி வரும் ஆவிக்கு முன்னால் அவன் தன் ஆன்மாவையே திறந்து வைக்கிறான். ஆகவே சவுனாவில் உயிர் விடுகிறவன் உண்மையின் மடியில் உயிர் விடுகிறவன்.

இப்படிச் சொன்னவர் குடியிருப்புச் சங்கத் தலைவர் என்சியோ. இடது கையில் சால்மன் மீன் அடுக்கிய ரொட்டி கேக் ஒரு துண்டு இருந்ததால் வலது கையை மட்டுமே உயர்த்தி முழங்க முடிந்தது. புதன்கிழமை ஆண்கள் பொதுமுறையில் இதே என்சியோ பதினான்கு வருஷமாக நீச்சல் ஜட்டியோடுதான் சவுனாவுக்குள் போகிறார். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டால் காட்டிவிடுவாரோ என்கிற பயம்தான்.

"நம்ம தவ்னோ," என்று என்சியோ குரலைத் தாழ்த்தினார், "காவல்காரன் காவல் இடத்திலேயே விழுந்த மாதிரி..."

அந்த இடத்தில் காபி இயந்திரம் கடைசிச் சொட்டை இழுத்துக் கர்புர்ரென்று கனைத்தது. கைசு அதை அணைத்துவிட்டு மூன்றாவது குடுவையை நிரப்பினாள். செத்துப்போன தவ்னோ அவளுடைய அப்பா. காபி ஊற்ற வேறு ஆள் இல்லாததால் மகளே ஊற்றிக்கொண்டிருந்தாள்.

கட்டடத்தின் அடித்தளத்தில், சவுனா என்கிற அந்த நீராவிக் குளியல் அறைக்குப் பக்கத்து அறைதான் சங்கத்தின் கூடம். சனிக்கிழமை காலையில் தேவாலயம், பிறகு கல்லறை, இப்போது இங்கே காபி. அந்த ஊரில் சாவுக்கும் அடக்கத்துக்கும் நடுவே இரண்டு மூன்று வாரம் ஆகும். முப்பத்தெட்டுப் பேர் வந்திருந்தார்கள். அப்பாவுக்கு முப்பத்தெட்டுப் பேரைத் தெரியும் என்பதே கைசுவுக்குச் செய்தியாக இருந்தது. அவர்கள் ஒவ்வொருவராகக் கோப்பையை நீட்டிக்கொண்டு வந்தபோது விஷயம் கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்தது.

"ஆழ்ந்த அனுதாபம், கைசு," என்றாள் இரண்டாம் மாடி மைரே. "நல்ல மனுஷர். பால் வேணாம், போதும். அந்த வீட்டை என்ன பண்ணப் போற?"

"இன்னும் யோசிக்கல."

"யோசிக்காத. இப்ப எதையும் யோசிக்காத." மைரே ஒரு வாய் குடித்தாள். "அந்த ஆறு மணி முறை... அது வீட்டோட போகுமா, ஆளோட போகுமான்னு எங்க வீட்டுக்காரர்தான் கேக்கச் சொன்னார். நான் கேக்கல."

அவளுக்குப் பின்னால் நின்ற மூன்றாம் மாடிப் பொறியாளர் தொண்டையைச் செருமினார். "வரிசையில நாங்கதான் முதல்ல. மைரே ரெண்டாவது. சும்மா தகவலுக்குச் சொல்றேன்."

"இன்னிக்குப் போய் இதைப் பேசணுமா?" என்றாள் மைரே.

"நீங்கதானே ஆரம்பிச்சீங்க."

அந்தக் கட்டடத்தில் இருபத்தாறு வீடு, ஒரே சவுனா. வாரத்தில் ஒரு மணி நேரம் ஒரு வீட்டுக்கு. திங்கட்கிழமை மதியம் மூன்று மணி முறையை எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சினாலும் ஆள் கிடைக்காது. சனிக்கிழமை மாலை ஆறு மணி முறையோ, யாராவது ஊரை விட்டுப் போனால்தான் காலியாகும். இல்லையென்றால் உலகத்தை விட்டு. தவ்னோ முப்பத்தோரு வருஷம் அதை வைத்திருந்தார். அவர் உடம்பைப் பற்றி அக்கம்பக்கத்தில் அன்போடு விசாரித்தவர்கள் நிறையப் பேர்.

சவுனாவின் கதவருகே அவர் எழுதி மாட்டிய பலகை இன்னும் இருந்தது. காகித ஆலையில் கொதிகலன் பாதுகாப்பைப் பார்த்தவர். ஓய்வுபெற்ற பிறகு கண்காணிக்கக் கொதிகலன் இல்லாமல் போகவே, சவுனாவின் அடுப்பைப் பிடித்துக்கொண்டார். பதினான்கு விதிகள். குடித்துவிட்டுப் போகாதே. வயிறு முட்டத் தின்றுவிட்டும் போகாதே. முன்னும் பின்னும் தண்ணீர் குடி. சங்கிலி, மோதிரத்தைக் கழற்று, சூடேறிச் சுடும். பழக்கம் இல்லாதவன் கீழ்ப்பலகையில் உட்காரட்டும். ஒரு தடவைக்குக் கால் மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். இதய நோய், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் கதவைத் தொட வேண்டாம். உள்ளே தூங்காதே. ஒன்பதாவது விதியில் மட்டும் அப்பாவின் சொந்தக் குரல் கேட்கும்: தலை சுற்றினால் உடனே இறங்கு, சுற்றவில்லை என்று வாதாடாதே.

முதல் விதி, தனியாகப் போகாதே.

அம்மா அவுனே இருந்தவரை அந்த விதியால் யாருக்கும் தொல்லை இல்லை. பதினொரு வருஷத்துக்கு முன்னால் அவள் போனபின், பலகை எழுதினவரே பலகையை மீறுகிறவரானார். மனிதரால் அதைத் தாங்க முடியவில்லை. சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் திருத்தம் கொண்டுவந்தார். இரண்டு மணி நேரம் விவாதம் நடந்தது. ஒருவர் நடுநிலை வகித்தார். கடைசியில் முதல் விதிக்குக் கீழே ஒரு துண்டுக் காகிதம் ஒட்டப்பட்டது. 'துணை இல்லாதவர்கள் போகுமுன் யாரிடமாவது தொலைபேசியில் சொல்லவும். வந்தபின் மறுபடி சொல்லவும்.'

அந்த யாராவது கைசுதான். தம்பேரே நகரில், காரில் மூன்றரை மணி நேரத் தூரத்தில், மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிற ஐம்பத்து மூன்று வயது ஒற்றை ஆள். சனிக்கிழமை ஆறு மணிக்குப் போன் வரும்.

"போறேன்."

"சரிப்பா."

ஏழு மணிக்கு மறுபடி வரும்.

"வந்துட்டேன்."

"சரிப்பா."

ஒருமுறை கைசு கணக்குப் பார்த்தாள். இரண்டும் சேர்ந்து ஒன்பது விநாடி. அப்பாவுக்கும் மகளுக்கும் நடுவே ஒரு வாரத்தின் பேச்சு அவ்வளவுதான். வேறு எதற்காகவும் அவர் போன் செய்கிறவர் இல்லை. காரணம் இல்லாமல் போன் செய்வது அவர் கண்ணில் அழுத்தம் இல்லாத கொதிகலனை ஆய்வு செய்வது மாதிரி.

இந்த ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை அவள் குளித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. எடுக்கவில்லை. வெளியே வந்து பார்த்தால் திரையில் 'அப்பா' என்று இருந்தது. போகிறார் என்று தெரிந்துவிட்டது. எடுத்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார். அடுத்த வாரம் கையிலேயே போன் இருந்தும் எடுக்கவில்லை. அதற்கடுத்த வாரமும். தவறிய அழைப்பு ஒன்று என்றால் போயிருக்கிறார். இரண்டு என்றால் வந்துவிட்டார். அப்பாவும் எதுவும் கேட்கவில்லை. ஐந்து முறை அடிக்கும், அவரே வைத்துவிடுவார். இரண்டு பக்கமும் வசதியாக இருந்தது என்று கைசு நினைத்துக்கொண்டாள்.

மூன்று வாரத்துக்கு முந்தைய சனிக்கிழமை ஆறு மணிக்கு அடித்தது, ஐந்து முறை. கைசு சோபாவில் படுத்துத் தொலைக்காட்சியில் வினாடி வினா பார்த்துக்கொண்டிருந்தாள். வயிற்றின் மேல் தட்டு, தட்டில் அரிசி வைத்துச் சுட்ட கரேலிய ரொட்டி.

ஆறு நாற்பத்தொன்றுக்கு மறுபடி அடித்தது.

ஏழுக்குத்தான் அடிக்கும். பதினொரு வருஷத்தில் ஒரு நிமிஷம் முன்னே பின்னே ஆனதில்லை. அதோடு அன்று ஐந்து முறையில் நிற்கவில்லை. பத்து, பதினைந்து என்று அடித்துக்கொண்டே போனது. கைசு திரையைப் பார்த்தாள். 'அப்பா' என்றே இருந்தது. அன்று சீக்கிரமாக முடித்துவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்தாள். ஒருவழியாக நின்றதும் ரொட்டியின் மிச்சத்தைத் தின்றாள்.

எட்டே காலுக்குப் போலீஸ்காரர் ஒருத்தர் பேசினார். அதை முதல் மணியிலேயே எடுத்தாள், தெரியாத எண் என்பதால்.

ஏழு மணி முறைக்காரி போனபோது உடை மாற்றும் அறையில் பெஞ்சில் சரிந்திருந்தாராம். மாரடைப்பு. ஆறே முக்காலுக்கும் ஏழுக்கும் நடுவே என்று மருத்துவர் எழுதியிருந்தார்.

ஆக, அந்த இரண்டாவது அழைப்பு 'வந்துட்டேன்' என்று சொல்லவா? 'வா' என்று சொல்லவா? மூன்று வாரமாகக் கைசு இதைத் தவிர வேறெதையும் நினைக்கவில்லை. கடையில் வாடிக்கையாளர்களிடம் கடைசி வரியைப் படிக்கச் சொல்லிவிட்டு, அவர்கள் படித்ததைக் கேட்காமல் நிற்பாள். மருத்துவரிடம் கேட்டாள். அவருக்கு எப்படித் தெரியும்? போலீஸிடம் கேட்க வாயெடுத்தாள். நீங்கள் எடுக்கவில்லையா என்று திருப்பிக் கேட்டால் என்ன சொல்வது என்று விட்டுவிட்டாள்.

"...உண்மையின் மடியில்," என்று முடித்து என்சியோ கேக்கைக் கடித்தார்.

நான்கரைக்குக் கூடம் காலியானது. வெளியே இருட்டி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. கடைசிவரை இருந்து கோப்பை கழுவியவள் நான்காம் மாடி ரவுனி. எழுபத்து நான்கு வயது. முப்பது வருஷம் நகரப் பேருந்து ஓட்டியவள். இப்போதும் கதவைத் திறக்கும்போது ஏறுகிறவர்களைப் பார்ப்பது போலத்தான் பார்ப்பாள். ஏழு மணி முறைக்காரி அவள்தான்.

"தட்டெல்லாம் ஆச்சு. இங்க வா," என்று கைசுவை உடை மாற்றும் அறைக்குக் கூட்டிப்போனாள். அலமாரிக்குப் பின்னாலிருந்து ஒரு நீலப் பையை எடுத்துக் கொடுத்தாள். "உங்கப்பாது. ஆம்புலன்ஸ்காரங்க விட்டுட்டுப் போனாங்க. நான் துவைக்கல. துவைக்க ஒண்ணும் இல்ல."

கைசு பையைத் திறந்தாள். மடித்த துண்டு ஒன்று. மடிப்பு கத்தி மாதிரி இருந்தது. சோப்பு ஒன்று, மேலே இருந்த எழுத்துக்கூடத் தேயாமல். குறுக்கெழுத்துப் பக்கம் மடக்கின செய்தித்தாள், பென்சில், படிக்கிற கண்ணாடி. கண்ணாடி அவள் கடையில் செய்தது.

"புதுத் துண்டா?"

"இல்ல. ரெண்டு வருஷமா அதே துண்டுதான்."

கைசு நிமிர்ந்து பார்த்தாள்.

ரவுனி பெஞ்சில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள். "கைசு, உங்கப்பா சவுனாக்குள்ள போகல. அன்னிக்கு மட்டும் இல்ல. ரெண்டு வருஷமாவே போகல."

"என்ன சொல்றீங்க?"

"என்கிட்ட அவர் சொல்லல. நானாக் கண்டுபிடிச்சேன். முன்னாடி ஒருத்தர் குளிச்சுட்டுப் போன சவுனா எப்படி இருக்கும்? பலகை ஈரமா இருக்கும். வாளியில தண்ணி மிச்சம் இருக்கும். உங்கப்பாவுக்கு அப்புறம் நான் போனா பலகை பிஸ்கட் மாதிரி காஞ்சு கெடக்கும். கல்லுல ஒரு சொட்டு விழுந்திருக்காது. முதல்ல நான் என்னமோன்னு நெனச்சேன். அப்புறம் மருந்துக் கடையில பாத்தேன் அவரை. ஒரு பை நெறைய மாத்திரை. டாக்டர் வேணாம்னுட்டாங்க போல. அவர் பலகையில அவரே எழுதி வச்சிருக்காரே, அத எப்படி மீறுவார்?"

"என்கிட்ட சொல்லல."

"யார்கிட்டயும் சொல்லல."

"நீங்க யார்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"யார்கிட்ட? என்சியோகிட்டயா?" ரவுனி மூக்கால் சிரித்தாள். "முறையை உபயோகிக்கலேன்னா மூணு மாசத்துல பறிச்சு அடுத்த ஆளுக்குக் குடுத்துடணும். சங்க விதி. அதுவும் உங்கப்பா எழுதினதுதான்."

கைசு துண்டைப் பிரிக்கப் போனவள் பிரிக்காமல் வைத்தாள். "அப்ப இங்க ஒரு மணி நேரம் என்னதான் பண்ணுவார்?"

"குறுக்கெழுத்து. இதே பெஞ்சுல, கோட்டுகூடக் கழட்டாம. ஏழுக்கு அஞ்சு நிமிஷம் இருக்கறப்ப எழுந்து போய் தலையை மட்டும் குழாயில காட்டிக்குவார். நாலு மாடி ஏறணும்ல? படியில யாராவது பாப்பாங்க. 'இன்னிக்கு எப்படி தவ்னோ, நல்ல சூடா?'ன்னு கேப்பாங்க. 'எண்பத்தஞ்சு'ம்பார். எப்பக் கேட்டாலும் எண்பத்தஞ்சு. அடுப்பு அறுபதைத் தாண்டாம ஒரு மாசம் ரிப்பேர்ல கெடந்தப்பவும் எண்பத்தஞ்சுன்னார் மனுஷன்."

கைசுவுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். ரவுனி அதற்காகக் கொஞ்சம் காத்திருந்தாள்.

"எதுக்கு?" என்றாள் கைசு. "வீட்டுல உக்காந்து போடலாமே குறுக்கெழுத்து."

"அது எனக்கு எப்படித் தெரியும்? நீதான் மக." ரவுனி ஜன்னலைப் பார்த்தாள். அடித்தள ஜன்னலில் வெளியே போகிறவர்களின் செருப்புகள்தான் தெரியும். இப்போது அதுவும் தெரியவில்லை. "ஆறு மணிக்கு உனக்குப் போன் போடுவார். ஏழுக்குப் போடுவார். அது எனக்குத் தெரியும். துணி துவைக்கிற ரூம் பக்கத்துலதான இருக்கு."

கைசு கையில் இருந்த சோப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கேட்க வேண்டியது நாக்கின் நுனியில் வந்து நின்றது. எடுக்காத ஆள் அதை எப்படிக் கேட்பது? ரவுனியே ஆரம்பித்தாள்.

"உனக்குக் கடைசியாப் போன் பண்ணினாரே, அப்ப நான் இங்கதான் இருந்தேன். தெரியுமா?"

"இங்கயா?"

"என் மெஷின் ஆறே முக்காலுக்கு முன்னாடியே நின்னுடுச்சு. அடுத்த துணி போட சோப்புத்தூள் இல்ல. இந்த அலமாரியில இருக்கும்னு கதவைத் தட்டாம திறந்துட்டேன். ரெண்டு வருஷமா தட்டாம திறந்ததே இல்ல, அன்னிக்குத் திறந்துட்டேன். தொப்பியும் கோட்டுமா, பென்சிலக் கையில பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கார். என்னைப் பாத்ததும் கடையில திருடி மாட்டின மாதிரி முழிச்சார். எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. டக்குனு போனை எடுத்தார். உனக்குப் போட்டார்."

கைசு சோப்பைப் பெஞ்சின் மேல் வைத்தாள்.

"நான் சோப்புத்தூள் தேடுற மாதிரி அந்தப் பக்கம் திரும்பி நின்னேன். 'வந்துட்டேன் பொண்ணே'ன்னார். 'நல்ல சூடு இன்னிக்கு, எண்பத்தஞ்சு'ன்னார். 'ஆமா ஆமா, தண்ணி குடிச்சேன்'னார். நீ கேட்டிருப்பல்ல. அப்புறம் நீ என்னமோ சொல்லியிருக்க, ஹா ஹான்னு சிரிச்சார் பாரு! உங்கப்பா சிரிச்சு இந்தக் கட்டடத்துல யாரும் பாத்ததில்ல. 'கிறிஸ்துமஸுக்கு வா, வா, உன் ரூம் அப்படியேதான் இருக்கு'ன்னார். நல்லா ஒரு நிமிஷம் பேசினார். எனக்கு இடது காது பஸ்ஸோட போச்சு, இல்லேன்னா நீ சொன்னதும் கேட்டிருக்கும்."

பக்கத்து அறையில் யாருடைய துணியோ மெஷினில் சுற்றத் தொடங்கி, நின்று, எதிர்ப்பக்கம் சுற்றியது.

"கடைசிப் பேச்சு உன்கிட்ட. அதுவும் சிரிச்சுப் பேசினது," என்றாள் ரவுனி. "எங்க வீட்டுக்காரர் கடைசியா என்கிட்ட சொன்னது என்ன தெரியுமா? 'குப்பையை நான் கொண்டுபோய்ப் போட்டுட்டேன்.' போடவும் இல்ல. நீ குடுத்து வச்சவ. ஆமா, என்ன சொல்லி அவரைச் சிரிக்க வச்ச?"

கைசு தண்ணீர்க் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "கடையில ஒரு விஷயம் நடந்துச்சு," என்றாள். "அதைச் சொன்னேன்."

"என்ன விஷயம்?"

"இப்ப சொன்னா சிரிப்பு வராது, ரவுனி."

"அதுவும் சரிதான்."

ரவுனி மறுபடி முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள்.

"'குளிச்சாச்சா?'ன்னு கேட்டேன்," என்றாள் ரவுனி, குரல் சற்று மாறி. "'ஆச்சு'ன்னார். தலை காஞ்சு கெடந்துச்சு. நான் பாக்காத மாதிரி சோப்புத்தூளை எடுத்துக்கிட்டுப் போயிட்டேன். மரியாதைன்னு நெனச்சேன். அப்படியே இந்தப் பெஞ்சுல உக்காந்து, 'என்ன தவ்னோ, எந்தக் கட்டத்துல நிக்குது?'ன்னு கேட்டிருக்கலாம். கேக்கல. ரெண்டு வருஷமா கேக்கல. ஏழுக்கு வந்தப்ப தலை நனைஞ்சிருந்துச்சு. மத்ததெல்லாம் காஞ்சிருந்துச்சு."

அவள் எழுந்தாள். முழங்கால் சொடக்கு விட்டது. "ஆம்புலன்ஸ்காரங்க தலையைப் பாத்துட்டு சவுனாவுல மயக்கம்னு எழுதிக்கிட்டாங்க. நான் மறுத்துச் சொல்லல. அதுவே இருந்துட்டுப் போகட்டும்."

"சரி," என்றாள் கைசு.

"இந்த மாசம் முடியற வரைக்கும் முறை உங்களோடது. அடுப்பு தானா அஞ்சு மணிக்குப் பத்திக்கும். போகணும்னா போ. போகலேன்னா இங்க உக்காரு. யாரும் கேக்க முடியாது." கதவருகே திரும்பினாள். "ஏழுக்கு வருவேன். தட்டிட்டுத்தான் வருவேன்."

கைசு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். குறுக்கெழுத்தில் பாதிக் கட்டங்கள் நிரம்பியிருந்தன. பென்சில் எழுத்து ஆய்வு அறிக்கை மாதிரி நிமிர்ந்து நின்றது. உதவிக்கு அழைக்கவில்லை. அது தெரிந்துவிட்டது. மூன்று வாரமாக நெஞ்சில் இருந்தது இறங்க வேண்டிய இடம் இதுதான். அவள் காத்திருந்து பார்த்தாள். இறங்கவில்லை. வேறு பக்கமாக நகர்ந்து உட்கார்ந்துகொண்டது.

சுவருக்கு அந்தப் பக்கம் அடுப்பின் இரும்பு சூடேறி டிக், டிக்கென்று விரிந்தது.

ஆறுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது கதவு திறந்தது. என்சியோ நின்றார். தோளில் துண்டு. கையில் மூன்று பியர் டப்பா உள்ள பை. உள்ளே ஆளைப் பார்த்ததும் பையைப் பின்னால் மறைத்தார்.

"ஓ! கைசு! நீ கெளம்பிட்டேன்னு நெனச்சேன்."

"கெளம்பல."

"இல்ல... அடுப்பு பத்திக்கிச்சு. சூடு வீணாப் போகுதேன்னுதான். தலைவர்ங்கிற முறையில ஒரு ஆய்வு மாதிரி... தவ்னோவோட நினைவா ஒரு தடவை ஆவி விட்டுட்டு வரலாம்னு..."

"இது எங்க முறை."

"ஆமா ஆமா. ஏழு வரைக்கும் உங்களோடதுதான். நான் மறுக்கவே இல்ல." அவர் நகரவில்லை. "நீ உள்ள போகப் போறியா? தனியாவா? பலகையில முதல் விதியே..."

"பையில என்ன?" என்றாள் கைசு.

என்சியோ பையைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். "எலுமிச்சை சோடா," என்றார்.

சவுனாவுக்குள் மட்டும்தான் பொய் கிடையாது. உடை மாற்றும் அறைக்கு அந்தச் சட்டம் செல்லாது போலும். கைசு எழுந்து, அவர் முகத்துக்கு நேரே கதவை மெதுவாகச் சாத்தித் தாழ் போட்டாள். அந்தப் பக்கம் செருப்புச் சத்தம் கொஞ்ச நேரம் நின்று யோசித்து, பிறகு படியேறிப் போனது.

குளிக்கிற எண்ணத்தோடு வந்தவள் இல்லை. ஆனால் ஆறு மணி ஆகிவிட்டது.

பலகை சொன்னதை ஒவ்வொன்றாகச் செய்தாள். குழாயில் ஒரு கோப்பை தண்ணீர் பிடித்துக் குடித்தாள். கழுத்துச் சங்கிலியைக் கழற்றி அப்பாவின் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் போட்டாள். உடைகளைக் களைந்து, எதையும் பார்க்காமல் கொக்கியில் மாட்டினாள். முதல் விதிக்கு வந்தபோது போனைக் கையில் எடுத்தாள். போகுமுன் யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று பலகை சொன்னது. யாரிடம் என்று சொல்லவில்லை. பெயர்களை மேலிருந்து கீழ்வரை தள்ளிப் பார்த்தாள். கடை முதலாளி. பல் மருத்துவர். கார் பழுது பார்க்கிறவன். இரண்டு தடவை மேலிருந்து கீழ்வரை போய்வந்துவிட்டு, போனைச் செய்தித்தாளின் மேல் கவிழ்த்து வைத்தாள்.

உள்ளே மங்கலான விளக்கு. மூன்று படிப் பலகையும் வெளுத்துக் காய்ந்து கிடந்தது. கீழ்ப்படியில் துண்டை விரித்து உட்கார்ந்தாள். அதன் மடிப்புக் கோடுகள் தொடையில் உறுத்தின. வாளியில் பிடித்துவந்த தண்ணீரை அகப்பையால் மொண்டு கல்லின் மேல் ஊற்றினாள். கல் உஸ்ஸென்றது. ஒரு கணம் ஒன்றும் இல்லை. பிறகு சூடு கூரையில் மோதித் திரும்பி வந்து, பெரிய கை ஒன்று தோளில் விழுவது போல விழுந்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். மறுபடி ஊற்றினாள். பக்கத்துப் பலகையிலும் கொஞ்சம் தெளித்தாள். அது உறிஞ்சிக்கொண்டு கறுத்தது.

வெப்பமானி எண்பத்திரண்டு காட்டியது.

பத்து நிமிஷம் போலத் தாங்கியது. பிறகு எதிர்ச்சுவர் லேசாகச் சாய்ந்தது. சுற்றவில்லை என்று அவள் வாதாடவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து, குளிர்ந்த பெஞ்சில் உட்கார்ந்து, எழுதியிருந்தபடியே இன்னொரு கோப்பை தண்ணீர் குடித்தாள். அவசரப்படாமல் ஆறினாள். உடம்பிலிருந்து ஆவி எழும்பி விளக்கைச் சுற்றிவிட்டு மறைந்தது. முகத்தைத் துடைத்தாள். துடைத்த இடம் மறுபடி நனைந்தது. வியர்வை நிற்கச் சற்று நேரம் ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும்.

போன் கவிழ்ந்தபடியே இருந்தது. அடிக்கவில்லை. மணி ஆறு நாற்பது.

உடுத்திக்கொள்ள எழுந்து, கொக்கியிலிருந்து கறுப்புக் கம்பளி ஸ்கர்ட்டை எடுத்தாள். பொத்தானோ ஜிப்போ இல்லாத, இடுப்பில் ரப்பர் பட்டி வைத்த ஸ்கர்ட். அவிழ்த்தது அவிழ்த்தபடி தொங்கியது. தையல் ஓரங்கள் எல்லாம் வெளியே தெரிந்தன. பின்பக்கம் இடுப்புக்குக் கீழே வெள்ளைத் துணிச்சீட்டு ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. அளவு நாற்பத்தாறு, முப்பது டிகிரியில் துவைக்கவும்.

காலை எட்டு மணியிலிருந்து, முப்பத்தெட்டுப் பேர் பார்க்க, அதை உள்பக்கம் வெளியே தெரிய மாற்றிப் போட்டிருந்தாள்; ஒருவரும் சொல்லவில்லை.